தடுப்பூசி நாளில் மட்டும் வந்துபோகிற மருந்து

தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு 2017இலிருந்து எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். தரம் 7 பிள்ளைகளுக்கு ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஊசி. அந்த நாட்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஆட்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியோடு ஒரு தட்டும் கூடவே வரும். அதில் பஞ்சு, சிரிஞ்சுகள், கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்துக் குப்பிகள். ஊசி போட்ட பிள்ளையை உடனே வகுப்புக்கு விடமாட்டார்கள். வாங்கில் இருத்தி, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தடுப்பூசியால் கடும் ஒவ்வாமை வருவது பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு என்ற அளவில்தான். அப்படியிருந்தும் அந்தத் தட்டை மேசையில் வைக்காமல் அவர்கள் ஒரு ஊசியும் போடுவதில்லை. எல்லாம் முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அடுத்த நாள் இடைவேளையில் அதே பிள்ளைகள் ஒருவர் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒருவர் கைவிட்டு இறால் பொரியலையும் கணவாய்க் கறியையும் பங்குபோட்டுச் சாப்பிடுவார்கள். கச்சான், எள்ளுருண்டை, கஜு எல்லாம் கைமாறும். மைதானத்து ஓரப் பனைகளில் எதிலாவது குளவி கூடு கட்டியிருக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அட்ரினலின் இல்லை.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிற ஆசிரியை. முதலுதவிப் பெட்டி என் பொறுப்பில் இருக்கிறது. பஞ்சு, பண்டேஜ், டெட்டோல், பிளாஸ்டர், பனடோல், சித்தாலேப்ப. விழுந்து முழங்கால் உரசினால் இது போதும். மூச்சு அடைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு இந்தப் பெட்டியில் ஒன்றும் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல, வலய விளையாட்டுப் போட்டிகளில் சந்திக்கிற உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்டால் அவர்கள் பெட்டியும் இதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முந்தி, இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தரம் 9 பெடியன் ஒருவன் இடைவேளையில் கூட்டாளியின் புட்டையும் இறால் பொரியலையும் தின்றிருக்கிறான். முதலும் இறால் தின்றிருக்கிறான். வாய்க்குள் கொஞ்சம் கடிக்கும் (அரிக்கும்), பிறகு விட்டுவிடும் என்று பின்னர் சொன்னான். அன்றைக்குச் சாப்பிட்ட கையோடு 800 மீற்றர் ஓட இறங்கினான். இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டான்.

நான் மறுகரையில் குண்டெறிதல் பழகுகிற பிள்ளைகளோடு நின்றேன். திரும்பிப் பார்க்கும்போது அவன் இரண்டு உள்ளங்கைகளையும் மதிலின் சொரசொரப்பில் வைத்து விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய் என்னவென்று கேட்டேன்.

"கை கடிக்குது ரீச்சர். காலும் கடிக்குது. தலைக்குள்ளயும் கடிக்குது."

சொல்லி முடிப்பதற்குள் அவனுடைய குரல் கரகரத்துப்போனது. கீழுதடு தடித்துப் பிதுங்கியது. கழுத்திலிருந்து காதை நோக்கித் தடிப்பு திட்டுத்திட்டாக ஏறியது. வாந்தி எடுத்தான். பிறகு இருமல் தொடங்கியது, நிற்கவேயில்லை.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பைப்படிக்குக் கூட்டிக்கொண்டுபோய் முகத்தைக் கழுவ விடுங்கோ. பிளேன்ரீ குடுங்கோ. வேப்பிலை அரைச்சுப் பூசினால் அடங்கும். ஒரு ஆசிரியை தன் கைப்பைக்குள்ளிருந்து பிரிட்டோன் குளிசை எடுத்துத் தந்தார். தகப்பனுக்கு அடியுங்கோ, அவர் வந்து கொண்டுபோகட்டும் என்றார் இன்னொருவர். தகப்பன் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றிருக்கிறார், போன் வீட்டில். இதில் ஒருவர் சொன்னதும் கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எல்லோரும் அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டுமென்று பதறியவர்கள்தான். என்ன செய்வதென்று எவருக்கும் யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையணியில் இருந்த தரம் 11 பிள்ளை ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. "அவனை எழுப்பாதேங்கோ, நடத்தாதேங்கோ, படுக்க விட்டுக் காலைத் தூக்கிப் பிடியுங்கோ" என்று அழுகிற குரலில் கத்தினாள். அப்படியே செய்தோம். ஒரு ஆசிரியரின் வானில் பின் சீற்றில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். ரயில் கடவையில் கேற் பூட்டியிருந்தது. அந்த இடத்தில் நின்ற நேரத்தில் அவனுடைய முகம் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறப்பான், உடனே மூடிவிடுவான்.

ஆஸ்பத்திரியில் இறக்கியதும் தொடையின் வெளிப்பக்கத்தில் ஒரு ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் இருமல் குறைந்தது. முகத்துக்கு இரத்தம் திரும்பியது. "தண்ணி" என்று கேட்டான். அந்த ஊசியில் இருந்தது, தடுப்பூசித் தட்டில் வந்துபோகிற அதே மருந்துதான். டொக்டர் எங்களிடம் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கினது?" எங்களில் ஒருவரும் நேரம் பார்க்கவில்லை. அன்றிரவு அவனை வீட்டுக்கு விடவில்லை. சில மணித்தியாலம் கழித்து, வேறெதுவும் சாப்பிடாமலே, இது இரண்டாம் தடவை கிளம்பக்கூடும் என்று சொன்னார்கள்.

அதன்பிறகு இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். தெரிந்த டொக்டர்மாரைப் பிடித்துக் கேட்டேன். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

ஒவ்வாத பொருள் உடம்புக்குள் போனதும், நோய்க்கு எதிராகக் காவல் நிற்கிற சில கலங்கள் தம்மிடம் உள்ள ஹிஸ்டமினையும் வேறு இரசாயனங்களையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுகின்றன. அதனால் இரத்தக் குழாய்கள் விரிந்து கசியும், இரத்த அழுத்தம் விழும். மூச்சுக்குழாய் இறுகும். தொண்டை வீங்கும். இதைத்தான் வைத்தியர்கள் அனபிலாக்சிஸ் என்கிறார்கள். அட்ரினலின் இந்த மூன்றையும் எதிர்த்து நிற்கும்: குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும், மூச்சுப்பாதையைத் திறக்கும், கலங்கள் மேலும் கொட்டுவதைத் தடுக்கும். பிரிட்டோன் மாதிரியான குளிசைகள் கடியையும் தடிப்பையும் மட்டும் குறைக்கும், அதுவும் மெதுவாக. விழுகிற இரத்த அழுத்தத்தையோ அடைக்கிற தொண்டையையோ அவை தொடுவதில்லை. நாங்கள் வீடுகளில் "ஒரு பிரிட்டோன் போட்டுப் படு, சரியாகும்" என்று பழகியிருப்பது இங்கேதான் ஆபத்தாகிறது. தடிப்பு அடங்குவதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடுகிறோம்.

பத்துப் பேரில் ஒருவர் இருவருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். வாந்தி, வயிற்றுவலி, இருமல், மயக்கம் மட்டும் இருக்கும். தொய்வு உள்ள பிள்ளை என்றால் "தொய்வு எழும்பிட்டுது" என்று இன்ஹேலர் பம்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். தொய்வுக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஒவ்வாமை உயிரை எடுக்கிற அளவுக்குப் போகும் சந்தர்ப்பம் அதிகம். பம்ப் கொடுக்கலாம், ஆனால் அது அட்ரினலினுக்குப் பதிலாகாது.

சிலருக்கு, குறிப்பாக இறால், நண்டு வகைகளிலும் கோதுமையிலும், சாப்பிட்டு அமைதியாக இருந்தால் ஒன்றும் வராது. சாப்பிட்டதும் ஓடினால் வரும். அந்தப் பெடியன் முதல் தின்றபோதெல்லாம் தப்பியது இதனாலாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இடைவேளை முடிந்த உடனே மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிடுகிற நேரசூசி எத்தனை பள்ளிக்கூடங்களில் இருக்கிறது என்று உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தெரியும். எங்கள் நேரசூசியில் ஓட்டப் பயிற்சியை இடைவேளைக்கு முந்திய பாடவேளைக்கு மாற்றிவிட்டோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நேரம்தான் எல்லாம். இங்கிலாந்தில் ஒவ்வாமையால் இறந்தவர்களைப் பற்றி 2000இல் வெளியான ஆய்வொன்று இருக்கிறது. மூச்சோ இதயமோ நின்றுபோகும்வரை எடுத்த நேரத்தை அதில் கணக்கிட்டிருக்கிறார்கள். நடுவில் விழுகிற எண்ணிக்கை, உணவு என்றால் 30 நிமிடம், குளவி, தேனீ கொட்டினால் 15 நிமிடம், ஊசி மருந்து என்றால் 5 நிமிடம். அதாவது பாதிப்பேருக்கு அந்த நேரம்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆய்வாளர் 2003இல் எழுதியது அந்தச் சென் ஜோன்ஸ் பிள்ளை கத்தியதைத்தான்: அழுத்தம் விழுந்திருக்கிற ஆளைத் திடீரென்று எழுப்பி இருத்துவதாலும் நிறுத்துவதாலும் இதயத்துக்குத் திரும்புகிற இரத்தம் குறைந்து அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கிறது. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு எடுக்க முடியவில்லை என்றால் காலை நீட்டிச் சாய்ந்து இருக்க விடலாம். நடத்தவே கூடாது. பைப்படிக்குக்கூட.

இந்த 30 நிமிடத்தை எங்கள் இடங்களில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாண நகரத்துப் பள்ளிக்கூடம் என்றால் பெரியாஸ்பத்திரி கிட்ட. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் தப்பிக்கொள்ளலாம். வடமராட்சி கிழக்கில் மணல் பாதை ஓரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை நினையுங்கள். நெடுந்தீவை நினையுங்கள். அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது; ஆனால் அதற்கு மேலே ஏதும் தேவைப்பட்டால் குறிகட்டுவானுக்குப் படகிலேயே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அதுவும் கடல் அடங்கியிருந்தால். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது எங்களுக்குப் பெரிய கொடை. இலவசம், பயிற்சி பெற்றவர்கள் வருகிறார்கள். ஆனால் எவ்வளவு விரைந்தாலும் வண்டி உருண்டு வரத்தானே வேண்டும். அது வந்துசேரும்வரையான நேரம் பள்ளிக்கூடத்தின் கையில் இருக்கிறது.

என் தங்கை கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்குக் கஜு ஒவ்வாது. அந்தப் பிள்ளை இடுப்பில் சின்னப் பை ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகும். உள்ளே எபிபென் என்கிற தானியங்கி ஊசி. பேனைமாதிரி இருக்கும், மூடியைக் கழற்றித் தொடையில் அழுத்தினால் அளந்த மருந்து தானாக ஏறும், உடுப்புக்கு மேலாலும் போடலாம். பிள்ளையின் படமும் என்ன ஒவ்வாது என்பதும் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதிய தாள் ஆசிரியர் அறைச் சுவரில் இருக்கிறது. "அக்கா, இஞ்ச வகுப்பு ரீச்சருக்கு மட்டுமில்லை, பஸ் ஓடுறவருக்கும் ஊசி போடத் தெரியும்" என்றாள்.

அது சும்மா வரவில்லை. ஒன்ராறியோவில் சப்ரினா ஷனன் என்கிற 13 வயதுப் பிள்ளை 2003இல் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பால் பொருட்கள் ஒவ்வாது. அந்தப் பொரியலை எடுத்த இடுக்கி பாற்கட்டியைத் தொட்டிருந்தது. அவள் பிழைக்கவில்லை. அவளுடைய தாய் தகப்பன் விடவில்லை. 2005இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2006 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் அவளுடைய பெயரால்தான் அறியப்படுகிறது. ஒவ்வொரு கல்விச் சபைக்கும் கடும் ஒவ்வாமைக்கென்று ஒரு கொள்கை இருக்க வேண்டும், ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும், ஒவ்வாமையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும் என்கிறது அது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஒரு பிள்ளைக்கு அனபிலாக்சிஸ் என்று நியாயமாக நம்பினால், பெற்றோரின் முன்அனுமதி இல்லாவிட்டாலும் பள்ளிக்கூட ஊழியர் அந்த ஊசியைப் போடலாம். நல்லெண்ணத்தில் செய்ததற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது.

எங்கள் ஆசிரியர்களின் பயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பனடோல் கொடுக்கவே வீட்டுக்கு அடித்துக் கேட்கிறோம். ஊசியைப் போட்டு, பிள்ளைக்கு ஏதும் நடந்தால்? என் கைக்கு வந்த சுற்றறிக்கை ஒன்றிலும் ஆசிரியர் அட்ரினலின் போடலாம் என்று எழுதியிருக்கவில்லை. எழுத்தில் இல்லாததைச் செய்யச் சொல்லி ஒரு இளம் ஆசிரியையை நான் எப்படிக் கேட்பது? மருந்து வாங்குவதற்கு முந்தி இந்தத் தாள் வர வேண்டும். கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதினால் போதும்.

அமெரிக்காவிலும் ஒரு மரணத்துக்குப் பிறகுதான் விழித்தார்கள். வேர்ஜீனியாவில் 2012 ஜனவரியில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு பிள்ளை கொடுத்த கச்சானைத் தின்று இறந்துபோனாள். அந்த மாநிலம் அதே வருடம் பள்ளிக்கூடங்களில் எவருக்கென்றும் பெயர் குறிக்காத பொது ஊசி இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 2013 நவம்பரில் நாடு முழுவதற்குமான சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். அது கட்டாயப்படுத்தவில்லை, அப்படிச் செய்கிற மாநிலங்களுக்கு நிதியில் முன்னுரிமை கொடுத்தது. இங்கிலாந்தில் 2017 ஒக்டோபரிலிருந்து பள்ளிக்கூடங்கள் மருந்துச்சீட்டு இல்லாமலே தானியங்கி ஊசியை வாங்கி வைக்கலாம்.

பெயர் குறிக்காத ஊசி ஏன் வேண்டும் என்பதற்கு சிக்காகோ சாட்சி. அந்த நகரத்துப் பொதுப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றிலும் ஊசி வைத்த முதல் வருடத்தில், 2012-2013இல், 38 பேருக்கு அதைப் போட வேண்டி வந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்காது, எந்தத் தாயும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. எங்கள் பெடியனும் அப்படித்தான். "ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் தகப்பனே ஊசியை வாங்கித் தரட்டும்" என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

இருந்தாலும் பட்டியல் வேண்டும். எங்கள் வீடுகளில் இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய் எல்லாம் கிரந்திச் சாப்பாடு என்று ஒரு பெரிய அறிவு இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எது கடிக்கும் என்று அம்மம்மாவுக்கு அச்சொட்டாகத் தெரியும். ஒடியல் கூழ் காய்ச்சுகிற அன்று அந்தப் பிள்ளைக்கு மட்டும் வேறு சாப்பாடு வைப்பார்கள். ஆனால் அது அடுப்படியோடு நின்றுவிடுகிறது, பள்ளிக்கூடத்துக்கு வருவதில்லை. பொம்பிளைப் பிள்ளை என்றால் வேண்டுமென்றே மறைப்பதும் உண்டு. "நோய்க்காரி எண்டு பேர் வந்திடும் ரீச்சர், நாளைக்குக் கலியாணம் காட்சி எண்டு வரேக்க..." என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பிள்ளைக்கு எள் ஒவ்வாது. எள்ளுப்பாகு விற்கிற ஊரில், அதைத் தெரிந்திருக்க வேண்டிய நாங்கள் எட்டு வருடம் தெரியாமல் இருந்திருக்கிறோம். அந்தத் தாயில் எனக்குக் கோபம் இல்லை. சொன்னால் நாங்கள் என்ன செய்வோம் என்று காட்டாமல், சொல்லு சொல்லு என்று கேட்டால் யார் சொல்லுவார்கள்?

இப்போது ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் வகுப்பாசிரியர் ஒரு சின்னத் தாள் கொடுக்கிறார். எது தின்றால் கடிக்கும், தடிக்கும், வாந்தி வரும்? குளவி, தேனீ கொட்டி எப்போதாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்களா? எந்த மருந்து ஒவ்வாது? தொய்வு இருக்கிறதா? பகலில் உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் யாருக்கு அடிப்பது? மடித்து ஒட்டித் தரலாம், வகுப்பில் வாசிக்க மாட்டோம். ஆரம்பப் பிரிவில் மதிய உணவுத் திட்டத்துக்குச் சமைக்கிற தாய்மாருக்கும் இதில் தேவையானதைச் சொல்லியிருக்கிறோம். முட்டை, நெத்தலி, கடலை, கௌப்பி எல்லாம் அங்கே சுழற்சியில் வரும். ஒரே அகப்பையை எல்லாச் சட்டிக்குள்ளும் விடக்கூடாது என்பதை, சப்ரினாவின் கதையைச் சொன்ன பிறகு அவர்கள் எங்களைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள்.

பரீட்சை மண்டபம் எனக்குப் பெரிய கவலை. சாதாரண தரப் பரீட்சைக்கு எங்கள் பிள்ளை வேறு பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறது. மேற்பார்வையாளருக்குப் பிள்ளையைத் தெரியாது. இடையில் எழும்பி "கடிக்குது" என்று சொல்லப் பிள்ளைக்கும் பயம். இப்போது அப்படியான பிள்ளைகளிடம் ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறோம். பின்னேர ரியூசன் கொட்டில்களில் என்ன நடக்கும் என்று நான் எழுதப் போனால் அது இன்னொரு பதிவாகிவிடும்.

இனி மருந்து. தானியங்கி ஊசி எங்கள் ஊர்ப் பார்மசியில் கேட்டதும் எடுத்துத் தருகிற சாமான் இல்லை. விலையும் எங்களுக்கு எட்டாது. அமெரிக்காவிலேயே இரண்டு ஊசி கொண்ட பெட்டி 2007இல் 100 டொலரளவில் இருந்து 2016இல் 600 டொலருக்கு ஏறி அங்கத்தைய தாய்மாரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில் காலாவதியாகிவிடும். அட்ரினலின் குப்பி என்றால் மலிவு. ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. 30 கிலோப் பிள்ளைக்கு 0.3 மில்லிலீற்றர்.

"அப்ப குப்பியும் சிரிஞ்சும் வாங்கி வைப்பம்" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கேட்க நல்லாக இருக்கும். ஆனால் கனடாவில் இதைச் சோதித்து 2001இல் எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்குரிய அளவைக் குப்பியிலிருந்து உறிஞ்சி எடுக்க, அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதியருக்கு 29 விநாடி போதுமாக இருந்தது. பெற்றோருக்குச் சராசரியாக 142 விநாடி. அவர்கள் எடுத்த அளவோ, ஆளுக்கு ஆள் 40 மடங்கு வரை வித்தியாசப்பட்டது. கண்ணாடிக் குப்பியை உடைத்து, நடுங்குகிற கையோடு, மைதானத்தில், பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்போது, 0.3ஐயும் 3ஐயும் மாறிப் பார்க்கிற ஆபத்தை நான் எந்த ஆசிரியர் தலையிலும் கட்டமாட்டேன்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று டொக்டர் ஒருவர் காட்டினார். ஆஸ்பத்திரியிலேயே அளவு எடுத்து நிரப்பி, எடையும் திகதியும் எழுதி ஒட்டிய சிரிஞ்சு. வெளிச்சம் படாத உறையில் வைத்துக்கொண்டு சில மாதங்களுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். எங்களுக்குத் தவணை மூன்று. தவணை தொடங்கும்போது பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவது என்றால் கணக்கு நேராக வரும், மறந்தும் போகாது. அட்ரினலினுக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. 25 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்பார்கள், குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வைக்கக்கூடாது. சித்திரையில் எங்கள் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே 25 பாகைக்கு எங்கே போவது? அலுவலகத்தின் வடக்குச் சுவர், வெயில் படாத மூலை, மண்பானைக்குப் பக்கத்து அடுக்கு என்று ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 2024 ஓகஸ்ட்டில் அமெரிக்கா மூக்கில் அடிக்கிற அட்ரினலினுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஊசியே இல்லை. அது எங்கள் பக்கம் வருகிற காலத்தில் ஆசிரியர்களின் பயத்தில் பாதி போய்விடும். அதுவரை காத்திருக்க முடியாது.

கனடாவிலும் லண்டனிலும் இருந்து இதை வாசிக்கிற எங்கள் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்மார்ட் போட் தந்தீர்கள், மண்டபம் கட்டித் தந்தீர்கள், நன்றி. காலாவதி கிட்டிய எபிபென்களைப் பார்சலில் அனுப்ப வேண்டாம். கப்பலில் வெந்து வரும், வந்து பத்து நாளில் திகதி முடியும். அதற்குப் பதிலாக மருந்தில்லாத பயிற்சிப் பேனைகளை அனுப்புங்கள். உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கொடுத்த அந்த ஒரு பக்கத் திட்டத் தாளை, பெயரை மறைத்து, படம் எடுத்து அனுப்புங்கள். எங்கள் வலயத்து ஆசிரியர்களுக்கு வருடம் ஒரு நாள் முதலுதவிப் பயிற்சிக்கான சாப்பாட்டுச் செலவையும் போக்குவரத்தையும் பொறுப்பெடுங்கள். உங்களில் தாதியாகவும் டொக்டராகவும் இருப்பவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு காலைப்பொழுதை எங்களுக்குத் தாருங்கள்.

மருந்து வரும்வரை நாங்கள் செய்கிறவை இவை. சென் ஜோன்ஸ் பிள்ளைகள் தவணைக்கு ஒரு தடவை காலைக் கூட்டத்தில் நடித்துக் காட்டுகிறார்கள்: ஒருவர் படுக்கவைத்துக் காலை உயர்த்துகிறார், ஒருவர் 1990க்கு அடிக்கிறார், ஒருவர் நேரத்தைத் தன் உள்ளங்கையில் பேனையால் எழுதுகிறார், ஒருவர் வாசலில் நின்று அம்புலன்சுக்கு வழி காட்டுகிறார். வீட்டுக்கு அடிப்பது ஐந்தாவது ஆளின் வேலை, அவர் பதில் எடுக்கும்வரை மற்ற நால்வரும் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் கொண்டுபோவதானால் எந்த வழியில் ரயில் கடவை இல்லை என்பதும் இந்த வேலைகளைக் குறித்த தாளில் எழுதியிருக்கிறது. பனையில் குளவிக் கூடு கண்டால் கல்லெறியாமல் வந்து சொல்ல வேண்டும் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இதைச் சொல்வது சுலபம், தரம் 5 பெடியன்கள் கேட்பது கடினம்.

சிரிஞ்சு விடயம் வருகிற அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேச்சுக்கு எடுக்கப்படுகிறது. சுகாதார வைத்திய அதிகாரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடுவார்கள், அதிபர் அறை அலுமாரிக்குள் பூட்டி வைப்போம் என்று இப்போதே ஒரு கதை ஓடுகிறது. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களுக்கான வழிகாட்டலில் பூட்டக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. எங்கு நின்றாலும் 5 நிமிடத்துக்குள் கைக்கு வர வேண்டும். எங்கள் மைதானம் வீதிக்கு அந்தப் பக்கம். அதிபர் வலயக் கூட்டத்துக்குப் போகிற நாட்களில் அந்த அறையே பூட்டியிருக்கும். ஒன்று அலுவலக வாசலில் ஆளுயரத்தில், ஒன்று மைதானத்துக்குப் போகிற விளையாட்டுச் சாமான் பையில், இரண்டுக்கும் பூட்டு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.